துணியோடு வந்த சாவி

கடைக்கு வார விடுமுறை என்றால் லாண்டரிக்காரருக்கு விடுமுறை என்று அர்த்தமில்லை. அன்றைக்குத்தான் வீட்டுத் துணி. ஊரார் அழுக்கையெல்லாம் போக்கி அனுப்பிவிட்டு மெஷின் சும்மா நிற்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பனியனோடு நின்றுகொண்டு, வீட்டு மூட்டையை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக எடுப்பார்.

எடுத்ததும் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போகும். துணி யாருடையது என்று கண் பார்ப்பதற்குள் கை உள்ளே போய் வெளியே வந்திருக்கும். தொழில் அப்படி. ஒரு பேனா போதும், மெஷின் நிறையத் துணி நாசம். மூக்குத் துடைத்த காகிதம் ஒன்று போதும், கறுப்புக் கோட்டெல்லாம் பஞ்சு பூத்துவிடும்.

பாக்கெட்டில் கிடைத்ததை என்ன செய்வது என்பதற்கும் கடையில் சட்டம் உண்டு. சின்னக் கவரில் போட்டு, டோக்கன் நம்பர் எழுதி, துணியோடு சேர்த்துக் குத்திவிட வேண்டும். பார்க்கக் கூடாது. பார்த்தாலும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. கேட்கவே கூடாது. கல்யாண மோதிரம் வந்திருக்கிறது. பல்செட் வந்திருக்கிறது. ஒருமுறை ஒரு கோட்டுப் பையில் ஒற்றைக் கம்மல் இருந்தது. கோட்டை வாங்க வந்தது அந்த மனிதரின் மனைவி. அவள் காது இரண்டிலும் கம்மல் இருந்தது. லாண்டரிக்காரர் கோட்டை மட்டும் கொடுத்தார். கவரை எடுத்து வைத்துக்கொண்டார். கோட்டைப் போட்டவரே ஒருநாள் வந்தபோது நீட்டினார். அந்த ஆள் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். சொல்லாமலே போனார்.

"உங்க வயித்துக்குள்ள எத்தனை குடும்பம் பத்திரமா இருக்குதோ அண்ணே" என்பார் நீராவி.

நீராவி, கடையில் ஸ்டீம் இஸ்திரி போடுகிறவர். வாயைத் திறந்தால் சூடாகத்தான் வரும், அதனால் அந்தப் பெயர். லாண்டரிக்காரருக்கு அவர் சொன்னதில் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

மகளின் ஜீன்ஸ் பையில் அன்றைக்கு ஒரு சாவி இருந்தது.

வீட்டுச் சாவி இல்லை. கடைச் சாவி இல்லை. வண்டிச் சாவியாக இருக்க அவளுக்கு வண்டியே இல்லை. பல் தேயாத புதுச் சாவி, சின்ன வளையத்தில் தனியாக. பார்த்தாலே தெரிந்தது, அறைக் கதவுச் சாவி.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மகள் மேற்படிப்பில் கடைசி வருடம். நுண்ணுயிர் பற்றிய படிப்பு. ஓட்டுப் போடுகிற வயது தாண்டிப் பல காலம் ஆகிவிட்டது. வீட்டில் இன்னும் பாப்பாதான். போன மாதம் சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தாள்.

"காலேஜ் பக்கத்துல ரூம் எடுத்துக்கறேன்ப்பா. என்கூடப் படிக்கறவங்க ரெண்டு பேர் ஏற்கெனவே இருக்காங்க. ஒரு இடம் காலியா இருக்கு."

"வீடு இருக்கறப்ப எதுக்கு ரூம்?"

"லேப்ல நேரமாகுது. பாதி வேலையில போட்டுட்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கு."

"ஓடாத. சீக்கிரமே கிளம்பு."

"நான் நெனச்சா கிளம்பற வேலை இல்லப்பா அது."

"சரி, நான் நெனைக்கறேன். கிளம்பு."

மனைவி சிரித்துவிட்டாள். மகள் சிரிக்கவில்லை. இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். "இந்த வீட்ல இருக்கற வரைக்கும்" என்று அவர் ஆரம்பித்தார். முடிக்கத் தேவைப்படவில்லை. எந்த வீட்டிலும் அந்த வாக்கியத்தை யாரும் முடித்ததில்லை. பாதியிலேயே புரிந்துவிடும். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று அவர் நினைத்தார்.

அடங்கவில்லை. கேட்காமலே ரூம் எடுத்துவிட்டாள். சாவி கையில் இருந்தது.

கவர் கட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. அவர் அதைத் தொடவில்லை. கொக்கியில் கிடந்த தன் சட்டையை எடுத்து, அதன் பையில் சாவியைப் போட்டார். கேட்கட்டும் என்று நினைத்தார். அவளே வந்து கேட்கட்டும். கேட்டால் உடனே கொடுத்துவிடலாம். ஆனால் என்ன சாவி, எந்தக் கதவு என்று சொல்லித்தானே கேட்க வேண்டும். அப்போது எல்லாம் வெளியே வந்துவிடும். அவர் எதையும் தோண்டியதாகவும் இருக்காது.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஜீன்ஸை மெஷினில் போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கட்டில்மேல் புத்தகம், பேனா, கையுறை, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். சோபா இடுக்கில் கைவிட்டாள். செருப்புக்குள்கூடப் பார்த்தாள்.

"என்ன தேடற?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தத் தேடு தேடற?"

"ஒரு பென் டிரைவ். இங்கதான் எங்கயாவது இருக்கும்."

சட்டைப் பையில் சாவி உறுத்தியது. அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். பொய் சொல்லுகிறாள். முகத்துக்கு நேரே சொல்லுகிறாள். அப்படியென்றால் சந்தேகமே இல்லை.

அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்: "துணியோட போயிருக்கப் போகுது. அப்பாகிட்டக் கேளேன். அவர் கைக்குத் தப்புமா?"

மகள் அவரைப் பார்த்தாள். அவர் தாளைப் புரட்டினார்.

"பென் டிரைவா? அப்படி ஒண்ணும் வரலையே" என்றார்.

அவர் வரையில் அது பொய் இல்லை.

மறுநாளிலிருந்து கல்லூரிக்குத் தொடர் விடுமுறை. மகள் வழக்கம்போலக் குளித்துக் கிளம்பினாள்.

"லீவுல எங்க?"

"லேப்ப்பா."

"லீவுலயுமா?"

"லீவுன்னு அதுக்குத் தெரியாதே."

எதற்குத் தெரியாது என்று அவர் கேட்கவில்லை. போனவள் மத்தியானமே திரும்பிவிட்டாள் என்று மனைவி போனில் சொன்னாள். சாப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனில் யாரையோ மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டால் தலைவலி என்கிறாள்.

கடையில் வேலை ஓடவில்லை. கறை எடுக்கும் மேசையில் ஒரு பட்டுச் சட்டையை வைத்துக்கொண்டு வெகுநேரமாக அதே இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கறை போயாச்சு. இப்ப துணி போகப் போகுது" என்றார் நீராவி.

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்டார். "ஒரு கஸ்டமர் பாக்கெட்ல ஒரு சாவி வந்துச்சு."

"குடுத்துட வேண்டியதுதானே. புதுசாவா தொழிலுக்கு வந்திருக்கீங்க?"

"அவனே கேக்கட்டும்னு பார்க்கறேன்."

நீராவி இஸ்திரியை நிமிர்த்தி வைத்தார். அது புஸ்ஸென்றது. "அவன் எப்படிக் கேப்பான்? இங்கதான் இருக்குதுன்னு தெரிஞ்சா அது எப்படித் தொலைஞ்ச பொருளாகும்? பஸ்ல விட்டோமா ரோட்ல விட்டோமான்னு தலையைப் பிச்சுக்கிட்டு இருப்பான். நீங்க இங்க கேக்கட்டும் கேக்கட்டும்னு உக்காந்திருக்கீங்க. யாரண்ணே அந்தப் பாவப்பட்ட கஸ்டமர்?"

"உனக்கு வேலை இல்லையா?"

"எனக்கு இருக்கு. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு."

அதற்கடுத்த நாளும் மகள் கிளம்பினாள். முகம் வாடிப்போயிருந்தது. அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு அவர் கடைக்கு ஓடினார். மனைவி டோக்கன் போட்டுக்கொண்டிருந்தாள். வேன் சாவியை எடுத்தார்.

"எங்கங்க?"

"டெலிவரி."

"துணியே ஏத்தலையே?" என்றார் உள்ளேயிருந்து நீராவி.

அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் வண்டியைக் கிளப்பினார். ஒளிந்து ஒருவரைப் பின்தொடர்வதற்கு உலகத்திலேயே லாயக்கில்லாத வண்டி அது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கடைப் பெயர். பின்கதவில் சிரிக்கிற சட்டை ஒன்றின் படம். மகள் ஏறிய பேருந்துக்குப் பின்னால் இரண்டு வண்டி தள்ளியே போனார். வழியில் ஒரு வாடிக்கையாளர் கைகாட்டி நிறுத்தப் பார்த்தார். பார்க்காத மாதிரி போனார்.

கல்லூரி நிறுத்தத்துக்கு எதிரே இரண்டு சந்துகள். இரண்டிலும் மாணவர்கள் தங்கும் அறைகள், பால்கனி பால்கனியாகத் துண்டுகள் காயும். அவள் இறங்கி எந்தச் சந்தில் நுழைவாள் என்று அவர் கண்கொட்டாமல் பார்த்தார். அவள் இரண்டிலும் நுழையவில்லை. ரோட்டைக் கடந்து நேராகக் கல்லூரி வாசலுக்குள் போனாள்.

வேனுக்குள்ளேயே அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஆனாலும் சாவி ஒரு கதவுடையதுதானே. இறங்கினார்.

வாசலில் காவலாளி மறித்தார். "இன்னைக்கு லீவு சார். துணி எடுக்கறதா இருந்தா ஹாஸ்டல் பின்பக்கம்."

"துணி இல்ல. என் பொண்ணு இங்க படிக்குது. இப்பதான் உள்ள போச்சு."

"மேடமா?" காவலாளியின் முகம் மாறியது. "நீங்க மேடத்தோட அப்பாவா? பூட்டுன கதவு முன்னாடி நேத்தும் உக்காந்திருந்துச்சு சார், பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. லேப் சாவி தொலைஞ்சு போச்சுல்ல? லீவுக்கு இந்த முறை மேடம் பொறுப்பு. சாவி காணோம்னு தெரிஞ்ச உடனேயே எனக்குப் போன் பண்ணுச்சு, அண்ணே, வாசல்ல எங்கயாவது கிடக்குதா பாருங்கன்னு. நானும் டார்ச் அடிச்சுத் தேடுனேன். இன்னொரு சாவி புரொபசர் வீட்ல இருக்கு, அவர் வெளியூர்ல. போன் போகல போல. உங்களுக்குத் தெரியாததா?"

லாண்டரிக்காரரின் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது. "தெரியும்" என்றார்.

"மாடியில, கடைசி. போங்க."

படியேறும்போது ஒன்றுதான் மனதில் ஓடியது. காவலாளிக்குத் தெரியும். புரொபசருக்குச் சொல்லப் பார்த்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. வீட்டில் மட்டும் பென் டிரைவ்.

நீண்ட தாழ்வாரத்தின் கோடியில், தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கதவில் முக அளவுக்கு ஒரு கண்ணாடி. உள்ளே வரிசையாக நின்ற குடுவைகளில் நீலம் வெளுத்துப்போயிருந்தது. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள் பதறி எழுந்தாள்.

"அப்பா! என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவது?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல." சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "இது உன்னோடதா பாரு. துணியில இருந்துச்சு."

அவள் சாவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சட்டென்று அவர் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது பிடித்ததற்குப் பிறகு இப்படிப் பிடித்ததில்லை.

"எப்பப்பா பார்த்தீங்க?"

"இப்பதான்."

அது பொய். வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவள் அதற்குள் பூட்டைத் திறந்துவிட்டாள்.

"செருப்பை வெளிய விடுங்க. தரையில கோடு போட்டிருக்கு பாருங்க, அதைத் தாண்டி வரக் கூடாது. எதையும் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வெள்ளை அங்கியை மாட்டினாள். அவள் சொன்னபடியே அவர் நின்றார். இந்தக் குரல் வீட்டில் கேட்டதில்லை.

அவள் கையைக் கழுவினாள், கையுறை போட்டாள், சின்ன ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தாள். பழைய குடுவைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் உறிஞ்சி, புது நீலத் தண்ணீர் நிரப்பிய வேறொரு குடுவையில் விட்டாள். எல்லாம் முடிந்து, புதுக் குடுவைகளை, ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியில் வைத்து மூடிய பிறகுதான் திரும்பினாள்.

"என்னது அது?" என்று கேட்டார்.

"சாயம் திங்கற கிருமி. நம்ம கடைப் பின்னாடி சாக்கடையில இருந்து எடுத்தேனே, ஞாபகம் இருக்கா? நீங்ககூட நாலு பேர் பார்க்கற இடத்துல சாக்கடையில கையை விடறியான்னு கத்துனீங்க." லேசாகச் சிரித்தாள். "அதுதான். தினமும் புதுத் தண்ணிக்கு மாத்தணும். இல்லன்னா அதோட கழிவே அதைக் கொன்னுடும். ரெண்டு நாள் ஆயிடுச்சு. உயிரோட இருக்கறது நீலத்தைத் தின்னு வெளுக்க வைக்கும். செத்தது அப்படியே நீலமா நிக்கும். மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சுடும்."

"எல்லாம் நீலமா நின்னா?"

"மொதல்ல இருந்துதான். ஒரு வருஷ வேலைப்பா."

அவர் குடுவைகளை எண்ணத் தொடங்கினார்.

அவளுடைய போன் அடித்தது. பார்த்ததும் நிமிர்ந்து நின்று எடுத்தாள்.

"சார். ஆமா சார், உங்களுக்கு மெசேஜ் போட்டிருந்தேன்... கிடைச்சிடுச்சு சார், இப்பதான். துணியோட போயிடுச்சு. இல்ல சார், யார் மேலயும் தப்பில்ல, நான்தான் பையைப் பார்க்காம அழுக்குல போட்டுட்டேன். மாத்திட்டேன் சார், எத்தனை மிஞ்சும்னு தெரியல... அப்பாதான் சார் கொண்டுவந்து குடுத்தாரு. கையில கிடைச்ச உடனே கடையைப் போட்டுட்டு ஓடி வந்திருக்காரு. அவர்கிட்ட ஒரு பொருள் போனா தொலையாது சார். சரி சார். சொல்றேன் சார்."

போனை வைத்தாள். "சார் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. மனைவிக்குத் தெரியாது, நீராவிக்கு முழுசாகத் தெரியாது. உழைக்காமலே வந்த நல்ல பெயர். லாண்டரிக்காரர் தரையில் போட்டிருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா."

"ம்?"

"அது இப்ப கிடைச்சது இல்ல."

"எது?"

"சாவி. கடை லீவன்னைக்கே கிடைச்சிடுச்சு."

அவள் கையுறையை உருவிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றது. "நான் வீடு பூராத் தேடுனேனே, அன்னைக்கா?"

"ம்."

"நான் தேடறப்ப எங்க இருந்துச்சு?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

அவள் அந்தப் பையையே பார்த்தாள்.

"எதுக்குப்பா?"

"ரூம் எடுத்துட்டியோன்னு நெனச்சேன். நீயா வந்து சொல்லட்டும்னு வெச்சிருந்தேன்."

"ரூம் எடுத்தா உங்ககிட்டச் சொல்ல மாட்டேனா?" என்றாள் சூடாக. பிறகு தானே யோசித்தாள். "சொல்லியிருக்க மாட்டேன்தான்."

"அதான்."

"அதான்னா? அதுக்கு இதுவா? கஸ்டமரா இருந்தா கவர்ல போட்டுக் குடுத்திருப்பீங்க. பொண்ணுன்னா இது என்ன சாவின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ரெண்டும் இல்லாம என்னப்பா இது?"

அவர் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார்.

"நேத்து மத்தியானம் வரைக்கும் இந்தக் கதவு வழியா பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கண்ணு முன்னாடி இருக்கு, தொட முடியல. உங்களுக்குப் புரியுதா?"

"சாவி தொலைஞ்சதுன்னு எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? நெஜமாச் சொல்லுங்க. ஒரு சாவியை ஒழுங்கா வெச்சிக்கத் துப்பில்ல, உனக்குத் தனி ரூம் ஒரு கேடான்னு கேப்பீங்களா, மாட்டீங்களா?"

அவர் யோசித்தார். அந்த வார்த்தைகளேதான். துப்பு உட்பட.

"கேட்டிருப்பேன்" என்றார்.

"அவ்வளவுதான். சார்கிட்டச் சொல்ல எனக்குப் பயமில்ல. வாட்ச்மேன் அண்ணன்கிட்டச் சொல்ல வெக்கமில்ல. வீட்டுக்குள்ளதான் திருடி மாதிரி தேடறேன்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கொஞ்ச நேரம் வெளிய இருங்கப்பா."

"நான் வேணா உங்க சார்கிட்டப் பேசறேன். தப்பு என்னோடதுன்னு..."

அவள் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினாள். போதும் என்கிற மாதிரி. அவர் வாயை மூடிக்கொண்டு வெளியே போனார். செருப்பை மாட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை.

தாழ்வாரத்தில் வெகுநேரம் நின்றார். காவலாளி இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றை உள்ளே கொடுத்துவிட்டு, ஒன்றை இவரிடம் நீட்டினார்.

"மேடம் அழுதுச்சா சார்?"

"ம்."

"சாவிதான் கிடைச்சிடுச்சே?"

"அதனாலதான்" என்றார் லாண்டரிக்காரர். காவலாளிக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல இவருக்கும் தெம்பில்லை.

வெயில் தாழ்வாரத்தைத் தாண்டிப் போனது. கடையில் இந்நேரம் கூட்டம் வந்திருக்கும். மனைவி ஒற்றை ஆளாக டோக்கனும் போட்டு, துணியும் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருப்பாள். இரண்டுமுறை போன் அடித்தது. எடுக்கவில்லை. கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கத் தோன்றியபோதெல்லாம் அடக்கிக்கொண்டார். அவருக்கு இதுவே பெரிய வேலையாக இருந்தது.

கடைசியில் கதவு திறந்தது. "வாங்க" என்றாள்.

கோட்டருகே நின்றார். அவள் குடுவைகளை ஜன்னலோரம் அடுக்கியிருந்தாள். நீலம், நீலம், நீலம். அவர் கண் ஒவ்வொன்றாகத் தாவியது. கோடியில் இருந்தது மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. வெளுப்பு என்று சொல்ல முடியாது. மற்றவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். வாழ்நாளெல்லாம் துணியில் நிறம் இறங்குவதைப் பார்த்த கண் அது.

"அது" என்றார்.

"ஆமா." அவள் கண் வீங்கியிருந்தது. ஆனாலும் வாயோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஒண்ணுதான். ஒண்ணு போதும். இதை வெச்சுத் திரும்பப் பெருக்கிடலாம். மத்ததெல்லாம் போச்சு."

"மன்னிச்சுடு பாப்பா."

அவள் மன்னித்ததாகவும் தெரியவில்லை, மன்னிக்காததாகவும் தெரியவில்லை. குடுவையை ஆட்டும் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு அவரைப் பார்த்து நின்றாள்.

"அப்பா, இந்த ஒண்ணைக் காப்பாத்தணும்னா ராத்திரி பகல் பார்க்காம மாத்திக்கிட்டே இருக்கணும். எதிர்ச் சந்துல அந்த ரூம்ல இன்னும் இடம் இருக்கு. இன்னைக்கே போறேன். வேலை முடியற வரைக்கும் அங்கதான். அதுக்கப்புறம் வீட்டுக்கு வர்றதா வேண்டாமான்னு அப்ப யோசிக்கறேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் கேக்கல. சொல்றேன்."

நிறைய வார்த்தைகள் அவர் நாக்கு நுனிவரை வந்தன. எல்லாமே எப்போதும் வருகிற வார்த்தைகள்தான். யார் அந்த ரெண்டு பேர். எந்த மாடி. சாப்பாட்டுக்கு என்ன வழி. ஒவ்வொன்றாக விழுங்கினார். ஒன்றை விழுங்க முடியவில்லை.

"தாழ்ப்பாள் நல்லா இருக்கா?"

"இருக்குப்பா."

"சரி."

அவ்வளவுதான். அவள் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்து நின்ற மாதிரி இருந்தது. சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவளுக்கு எதிரில் ஆளைக் காணோம். அங்கியின் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள்.

"துணி எடுக்க சாயங்காலம் வர்றேன்" என்றாள்.

"நானே கொண்டுவந்து..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். "வா. வந்து எடுத்துக்கோ."

கதவுவரை வந்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, போகாமல் நின்றார்.

"அம்மாகிட்ட நீயே சொல்லிடேன்."

"ரூம் விஷயத்தை நான் சொல்லிக்கறேன். சாவி விஷயம் உங்களோடது."

"அவ என்னை உண்டு இல்லன்னு பண்ணிடுவா."

"பண்ணட்டும்" என்றாள் மகள். இந்த முறை உண்மையாகவே சிரித்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேனுக்கு வந்து உட்கார்ந்தார். கிளப்பவில்லை. நேரில் சொல்வதைவிடப் போனில் சொன்னால் தேவலை என்று தோன்றியது. பக்கத்தில் நீராவி நின்றுகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருப்பார், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மனைவி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? இங்க நான் ஒத்த ஆளா லோல்படறேன். எந்த ஊருக்குங்க டெலிவரி?"

"கடையில கூட்டமா?"

"இப்பதான் குறைஞ்சுது. ஏன்?"

"அந்த ஸ்டூலைப் போட்டு உக்காரு. ஒண்ணு சொல்லணும். முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாத."

மறுமுனையில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

"என்ன செஞ்சு வெச்சீங்க?" என்றாள் மனைவி.

அவர் சொல்ல ஆரம்பித்தார்.